உம் கொட்ட இடம் தராத கதை: பிள்ளைகளுக்கு மாயக்கதை ஒலிப்புத்தகம் வாங்குவோருக்கு

எங்கள் பக்கத்தில் கதை கேட்கும் பிள்ளை வாயை மூடிக்கொண்டு கேட்காது. ‘ஒரு ஊர்ல ஒரு ராசா’ என்றால் ‘உம்’ என்று சொல்லும். ‘அந்த ராசாவுக்கு ஏழு பொண்ணு’ என்றால் மறுபடியும் ‘உம்’ என்று சொல்லும். அந்த ‘உம்’ தளர்ந்தால் பிள்ளைக்குத் தூக்கம் வருகிறது என்றும், இழுபட்டால் கதையில் ஏதோ பிடிபடவில்லை என்றும், ஓங்கி வந்தால் அடுத்தது என்ன என்று தெரிந்தே ஆக வேண்டும் என்றும் அறிந்து, கதை சொல்கிறவர் தம் வேகத்தை மாற்றிக்கொள்வார். ஒலிப்புத்தகத்துக்கு இந்த ‘உம்’ கேட்பதில்லை. பிள்ளை எந்த இடத்தில் கதையைத் தவறவிட்டாலும் அது தன் போக்கில் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே, வாங்கித் தரும் பெரியவர் பிள்ளைக்கு முன்னால் தாமே ஒருமுறை உட்கார்ந்து உம் கொட்டிப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் சென்ற கோடை விடுமுறையில் ஒரு மாயக்கதையை வாங்கிக் கொடுத்து, என் மகள் வயிற்றுப் பேரனின் முகம் வாடியதைப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில். பொள்ளாச்சிச் சந்தையும் கோவை வானொலியும் எங்களுக்கு அண்டை வீடு போல. 1956 நவம்பர் 1 அன்று கேரளம் தனி மாநிலமானபோதும் வீட்டுத் தமிழ் வீட்டிலேயே இருந்தது. தமிழ்வழிப் பள்ளிகள் இங்கே இன்றும் உண்டு. அப்படி ஒரு தொடக்கப் பள்ளியில்தான் நானும் பல ஆண்டுகள் பாடம் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் இப்போது நிறையப் பிள்ளைகள் மலையாள வழியிலோ ஆங்கில வழியிலோ படிக்கிறார்கள். எட்டு வயதான என் பேரன் மலையாளத்தைச் சரளமாக வாசிக்கிறான். தமிழில் எழுத்துக்கூட்டி ஒரு பக்கம் முடிப்பதற்குள் கதை அவனுக்கு ஆறிப்போய்விடுகிறது. இப்படிப்பட்ட பிள்ளைக்குத் தமிழ்க் கதைக்குள் நுழைய இருக்கும் வாசல் காது ஒன்றுதான். தமிழ்ப் புத்தகத்தை எடுத்துப் புரட்டிக்கொள்ளக்கூடிய பிள்ளைக்கு ஒரு மோசமான ஒலிப்புத்தகம் ஒரு மாலை நேர நட்டம்; எல்லையோரப் பிள்ளைக்கோ ‘தமிழ்க் கதை என்றால் இப்படித்தான் இருக்கும்’ என்ற முடிவுக்கே அது காரணமாகிவிடும்.

நாங்கள் வாங்கியது ஆறு மணி நேரக் கதை. பறக்கும் குதிரை, கண்ணாடி மலை, பேசும் நாகம் என்று விளம்பரத்தில் எல்லாம் இருந்தன. இரண்டாம் நாள் இரவு பேரன் கேட்டான்: “அம்மிச்சி, அந்த இளவரசனுக்கு வாலு எப்ப மொளச்சுது?” எனக்கு விளங்கவில்லை. பின்னோக்கி ஓட்டிக் கேட்டபோதுதான் தெரிந்தது: வாசித்தவர் ‘தங்க வாளை உருவினான்’ என்பதைத் ‘தங்க வாலை உருவினான்’ என்று உச்சரித்திருந்தார். ஒன்றரை மணி நேரமாக அந்தப் பிள்ளையின் மனத்தில் வால் முளைத்த ஓர் இளவரசன்தான் நடமாடிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகும் அவன் பொறுமையாகக் கேட்டான். ஆறாம் மணி நேரத்தின் முடிவில், நாகம் குகை வாயிலை அடைத்துக்கொண்டு நிற்க, இசை எழும்பிக் கதை நின்றுவிட்டது. அது ஒரு தொடரின் முதல் பாகம் என்று வாங்கிய பக்கத்தில் எங்கும் சொல்லப்படவில்லை. ‘மிச்சம் எங்கே?’ என்று கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

வாங்குவதற்கு முன்னால்

முதலில் பார்க்க வேண்டியது, கதை முழுமையானதா என்பது. முழு நூலா, சுருக்கமா, தொடரின் ஒரு பாகமா என்பதை விவரப் பகுதியில் தேடுங்கள். அங்கே இல்லாவிட்டால் கேட்டவர்களின் கருத்துகளைப் படியுங்கள். கதை பாதியில் நின்றிருந்தால் யாராவது ஒருவர் நிச்சயம் குறைப்பட்டிருப்பார். எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதும் ஒரு தடயம். பிள்ளைக்குச் சொல்லும் நிதானத்தில் நான் வாசித்தால் ஒரு நிமிடத்துக்கு 80 முதல் 90 சொற்கள் வரை வருகின்றன. அந்தக் கணக்கில், 200 பக்கம் வரும் ஒரு கதை இரண்டே மணி நேரத்தில் முடிகிறது என்றால், ஒன்று அது சுருக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது மூச்சு விடாமல் ஓட்டப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்தது, மாதிரிப் பகுதியைக் கேட்பது. பெரும்பாலும் மாதிரியாகத் தரப்படுவது கதையின் தொடக்கம்; தொடக்கத்தை எல்லோரும் கவனமாகவே வாசிப்பார்கள். ஆகவே அந்தச் சில நிமிடங்களை வேலை செய்துகொண்டே கேட்காமல், கண்ணை மூடி உட்கார்ந்து, உண்மையிலேயே உம் கொட்டியபடி கேளுங்கள். உங்கள் ‘உம்’ விழுவதற்கு வாக்கியங்களுக்கு இடையே ஒரு மூச்சளவு இடமாவது இருக்கிறதா என்று பாருங்கள். புதிய உலகத்தைப் பிள்ளையின் மனம் கட்டி எழுப்புவது அந்த இடைவெளியில்தான். ‘கண்ணாடி மலையின் உச்சியில் நெருப்புக் கூடு ஒன்று இருந்தது’ என்று சொன்னதும் ஒரு நொடி நிற்காமல் அடுத்த வாக்கியத்துக்குப் பாய்கிறவர், மலையையும் கூட்டையும் பிள்ளை பார்ப்பதற்குள் பிடுங்கிவிடுகிறார். கடையும் பேருந்தும் வரும் அன்றாடக் கதைக்கு இந்த இடைவெளி குறைந்தாலும் பாதகமில்லை, ஏனென்றால் அவை பிள்ளைக்குத் தெரிந்தவை; மாயக்கதையில் ஒவ்வொரு பொருளும் புதிதாகப் பிறக்க வேண்டியிருக்கிறது.

காதில் விழும் தமிழ்

அச்சில் வாளும் வாலும் வேறு வேறாகக் கண்ணில் படும். காதுக்கு அந்த உதவி இல்லை. புலியும் புளியும், மலையும் மழையும், கிளியும் கிலியும், கரியும் கறியும் வாசிப்பவரின் நாக்கை நம்பித்தான் இருக்கின்றன. மாதிரியில் ல, ள, ழ மூன்றும் வரும் இடங்களைத் தேடிப்பிடித்துக் கேளுங்கள். ‘கிழவி’ என்ற சொல் மாயக்கதைகளில் எப்படியும் வந்துவிடும்; அது ‘கிளவி’ என்று ஒலித்தால் வாளும் வாலாகும் வாய்ப்பு அதிகம். மலையாளமும் ழகரத்தை விடாமல் காத்துவரும் மொழி என்பதால், எங்கள் பிள்ளைகளின் காது இந்த வேறுபாட்டைப் பள்ளியிலும் தினமும் கேட்டுப் பழகியது. தமிழ்க் குரலே ழகரத்தைக் கைவிடும்போது அவர்கள் குழம்புவது இயல்பு.

மொழிபெயர்ப்புக் கதை என்றால் பெயர்களையும் கவனிக்க வேண்டும். தமிழில் ‘ப’ என்ற ஒரே எழுத்து இரண்டு விதமாக ஒலிக்கும், ‘க’ அதற்கும் மேலாக மாறும். மலையாளத்தில் இவற்றுக்குத் தனித்தனி எழுத்துகள் உண்டு. எழுத்தை மட்டும் பார்த்து வாசிக்கிறவர் அயல்நாட்டுப் பெயரைத் தம் மனப்போக்கில் உச்சரித்துவிடுவார். பள்ளித் தோழன் மலையாளத்தில் படித்துச் சொன்ன அதே வீரனின் பெயர் தமிழில் வேறாக ஒலித்தபோது, இவர்கள் இரண்டு பேர் என்றே என் பேரன் எண்ணிக்கொண்டான். பெயர்கள் ஒரே எழுத்தில் தொடங்கினாலும் இதே தொல்லைதான். மாறன், மாதவன், மாயன் என்று மூன்று பேர் வந்தால் புத்தகத்தில் பக்கத்தைத் திருப்பி யார் எவர் என்று பார்த்துக்கொள்ளலாம், ஒலியில் அது எளிதல்ல.

இவற்றையெல்லாம் விடக் கடினமான கேள்வி, எழுத்துத் தமிழா பேச்சுத் தமிழா என்பது. ‘நீ எங்கே செல்கிறாய்?’ என்று ஓர் எலிக்குஞ்சு கேட்டால் பிள்ளைக்கு அது எலியாகத் தெரிவதில்லை, பாடப் புத்தகமாகத் தெரிகிறது. முழுக்கவும் பெருநகரப் பேச்சில் சொன்னாலும் கொழிஞ்சாம்பாறைப் பிள்ளைக்கு அது அயல் பேச்சுதான். விவரிப்பு எளிய எழுத்துத் தமிழிலும் உரையாடல் எங்கேனும் ஓர் ஊரின் உண்மையான பேச்சிலும் அமைந்த கதைகளே எங்கள் வீட்டில் நிலைத்தன. அந்த ஊர் திருநெல்வேலியாக இருந்தாலும் பேரன் இரண்டு நாளில் பழகிக்கொண்டான். எந்த ஊரிலும் யாரும் பேசாத தமிழைத்தான் அவனால் பழக முடியவில்லை.

மனிதர் வாசிக்காமல் இயந்திரக் குரல் வாசிக்கும் கதைகளும் இப்போது விற்பனைக்கு வருகின்றன. கேள்வியும் வியப்பும் ஒரே ஏற்றத்தில் முடிவதும், மூச்சு வாங்கும் ஓசை எங்கும் கேட்காததும், கூட்டுச் சொற்கள் தவறான இடத்தில் பிளவுபடுவதும் அதன் அடையாளங்கள். செய்தி கேட்க அது போதுமானதாக இருக்கலாம். பிள்ளைக்குக் கதை சொல்ல அதை வாங்காதீர்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

மாயத்துக்கும் சட்டம் உண்டு

மாயக்கதையில் எதுவும் நடக்கலாம் என்று நினைத்து எழுதுகிறவர்களே பிள்ளைகளை அதிகம் ஏமாற்றுகிறார்கள். விக்கிரமாதித்தன் வேதாளத்தைச் சுமந்து வரும் பழைய கதைகளை எண்ணிப் பாருங்கள். அரசன் வாய் திறந்தால் வேதாளம் முருங்கை மரத்துக்குத் திரும்பிவிடும். விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் தலை வெடித்துவிடும். சட்டம் இவ்வளவுதான். அதை மீறாமலேயே அத்தனை இரவுகள் கதை ஓடுகிறது, ஒவ்வொரு முறையும் அரசன் என்ன செய்வான் என்று பிள்ளை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறது. அரக்கனின் உயிர் ஏழு கடல் ஏழு மலை தாண்டிக் கிளியிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டால், அந்தக் கிளியைத் தேடித்தான் போக வேண்டும். நடுவில் யாரோ ஒருவர் மந்திரம் சொல்லி அரக்கனைக் கொன்றுவிட்டால் பிள்ளை விடாது, ‘அப்ப கிளி எதுக்கு?’ என்று கேட்கும்.

நாங்கள் வாங்கிய கதையில் பறக்கும் குதிரை நிலவில்லாத இரவில் பறக்காது என்று முதல் மணி நேரத்தில் சொன்னார்கள். நான்காம் மணி நேரத்தில் அமாவாசையன்று அது பறந்தது. பேரனின் ‘உம்’ நின்றது அங்கேதான். ஆகவே, கதையை முழுதாகக் கேட்க உங்களுக்கு நேரமில்லாவிட்டால், தொடக்கத்தில் ஒரு அரை மணியும் நடுவில் ஒரு அரை மணியுமாவது கேட்டு, முதலில் சொன்ன மாயச் சட்டம் நடுவிலும் காக்கப்படுகிறதா என்று சரிபாருங்கள்.

கேட்கவைக்கும் முறை

நல்ல கதையும் கேட்கும் முறையால் கெட்டுப்போவதுண்டு. கைபேசியின் சிறிய ஒலிபெருக்கி கனத்த அடிக்குரலை வெளிக்கொண்டு வராது. அரக்கன் பேசும்போது ஒன்றும் விளங்கவில்லை என்று பிள்ளை சொன்னால் குறை வாசித்தவரிடம் இல்லாமலும் இருக்கலாம். கொஞ்சம் பெரிய ஒலிபெருக்கியை இணைத்து, மின்விசிறியை நிறுத்தியோ குறைத்தோ கேட்கவையுங்கள். வேகம் அதிகமென்று தோன்றினால் செயலியில் 0.9 என்ற அளவுக்குக் குறைக்கலாம், 0.75க்குக் கீழே போனால் குரல் இழுபட்டுக் கதையின் உணர்ச்சி போய்விடும்.

காதொலிப்பானை நான் தவிர்ப்பேன். அதை மாட்டிக்கொண்ட பிள்ளையின் ‘உம்’ வீட்டில் யாருக்கும் கேட்காது என்பது முதல் காரணம். செவியின் நலம் இன்னொரு காரணம்: உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட அளவுகோல், பெரியவர்களுக்கு 80 டெசிபல், பிள்ளைகளுக்கு 75 டெசிபல் என்ற அளவில் வாரத்துக்கு 40 மணி நேரத்தை வரம்பாக வைக்கிறது. பயணத்தில் மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால், அமைப்புப் பகுதியில் ஒலியளவுக்கு ஓர் உச்சவரம்பு வைத்துவிடுங்கள்.

ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் ஓட விடாதீர்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, ‘குகைக்குள்ள இப்ப யார் யார் இருக்காங்க?’ என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். தேர்வு வைப்பது போல இல்லாமல், உங்களுக்கே மறந்துவிட்டது போலக் கேட்டால் பிள்ளை ஆவலோடு சொல்லும். இப்படி முதல் நாளே கேட்டிருந்தால் வால் முளைத்த இளவரசனை நான் அன்றே கண்டுபிடித்திருப்பேன்.

ஏமாற்றம் வந்த பிறகு

கதை பிடிக்கவில்லை என்று பிள்ளை சொன்னால் ‘காசு கொடுத்து வாங்கியது, முழுசாகக் கேள்’ என்று வற்புறுத்த வேண்டாம். எந்த இடத்தில் பிடிக்காமல் போனது என்று மட்டும் கேளுங்கள். அமாவாசையன்று குதிரை பறந்தது தவறு என்று சொல்லத் தெரிந்த பிள்ளை, கதையை நன்றாகக் கேட்ட பிள்ளை. அந்தக் குறையை மதித்துப் பேசினால், அடுத்த கதையைத் தேர்ந்தெடுக்க அந்தப் பிள்ளையே உதவும். பிறகு அந்த இடத்திலிருந்து கதையை வீட்டிலேயே தொடருங்கள். எங்கள் வீட்டில் நாகம் குகை வாயிலை விட்டு எப்படி விலகியது என்பதைப் பேரன் மூன்று விதமாகச் சொன்னான். அதில் ஒன்றில், சித்தூர்ப் புழையில் வெள்ளம் வந்து நாகத்தை அடித்துக்கொண்டு போனது.

விற்றவருக்கும் எழுதுங்கள். ‘கதை நன்றாக இல்லை’ என்று எழுதினால் பயன் இருக்காது. எத்தனையாவது நிமிடத்தில் எந்தச் சொல் தவறாக ஒலித்தது, எந்த இடத்தில் இசை குரலை மூழ்கடித்தது, முதல் பாகம் என்ற செய்தி எங்கே விடுபட்டது என்று குறித்து எழுதினால், அவர்களால் மறுக்க முடியாது. வாங்கிய நாள், கட்டிய தொகை, வாங்கிய பக்கத்தின் படம் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். எனக்கு இரண்டாம் மடலுக்குப் பிறகு பணம் திரும்பி வந்தது. விவரத்தை மறைத்து விற்றுவிட்டுப் பதிலே சொல்லாதவர்களைப் பற்றித் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் முறையிடலாம். பொதுவில் கருத்து எழுதும்போது, பாராட்டத் தக்கது ஒன்று இருந்தால் அதையும் விடாமல் எழுதுங்கள். எங்கள் கதையில் கிழட்டு ஆமைக்குக் குரல் கொடுத்தவர் அருமையாகச் செய்திருந்தார், அதை நான் முதல் வரியிலேயே எழுதினேன்.

வீட்டுக் குரலில் ஒரு பதிவு

கடைசியாக, கைபேசி இருக்கும் வீட்டில் ஒரு கதையையாவது நீங்களே பதிவு செய்து வையுங்கள். பாலக்காட்டுப் பக்கத்தின் பத்திரகாளி கோயில் கூத்துமாடங்களில் (கூத்துக்கென்றே கட்டிய மேடைகளில்) நடக்கும் தோல்பாவைக்கூத்து என்ற நிழற்பாவை ஆட்டம் இதற்கு எனக்கு ஊக்கம் தந்தது. தாருகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் இராம இராவணப் போரைப் பார்க்க முடியாமல் போன தேவிக்காக அந்தக் கூத்து நடத்தப்படுகிறது என்பது ஐதீகம். தேங்காய் மூடிகளில் ஏற்றிய 21 விளக்குகளின் ஒளியில், திரைக்குப் பின்னால் அமர்ந்து, கம்பனின் பாடல்களைப் பாடி விளக்கம் சொல்லும் புலவர்கள், எதிரே மனிதர் ஒருவரும் இல்லாத இரவிலும் ஒரு வரியைக் குறைப்பதில்லை. கேட்பவள் ஒருத்தி இருக்கிறாள் என்று நம்பிச் சொல்லும் குரல் அது. உங்கள் வீட்டில் கேட்கப்போவதும் ஒரே ஒரு பிள்ளைதான்.

துணிமணி நிறைந்த சிறிய அறை பதிவுக்கு நல்லது. வெற்றுச் சுவரில் குரல் எதிரொலிக்கும். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் கீழைக் காற்றில் பனையோலைகள் எழுப்பும் சலசலப்பு பதிவில் நன்றாகவே விழும் என்பதால், அந்த நாட்களில் சன்னலைச் சாத்திவிடுங்கள். கைபேசியை வாய்க்கு நேரே பிடிக்காமல், ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் பகரம் வெடிக்காது. எழுதி வைத்து வாசிப்பதைவிட, தெரிந்த கதையைப் பேசுவது போலச் சொல்லுங்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே பதிவு செய்தால் உங்கள் வேகம் தானாகவே சரியாக வரும். ஒவ்வொரு துண்டும் எட்டு அல்லது பத்து நிமிடத்துக்கு மேல் போகாமல் பார்த்து, கோப்புக்குக் கதையின் பெயரையும் எத்தனையாவது துண்டு என்பதையும் இட்டுச் சேமியுங்கள். தும்மலையும் நாய்க் குரைப்பையும் பிறகு வெட்டிவிடலாம். நடுநடுவே பதிவாகியிருக்கும் பிள்ளையின் ‘உம்’ அனைத்தையும் அப்படியே விட்டுவிடுங்கள்.